சுங்கத்தில் பூட்டிய தாலி

லா சப்பல், பாரிஸ்
05.02.2022, சனி பின்னேரம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய லண்டன் சம்மந்தியார் திரு. வாமதேவன் அவர்கட்கு, பெண்ணைப் பெற்ற தவரத்தினம் கைகூப்பி எழுதிக்கொள்வது.

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்கள் நலம் எனக்கு நேற்றே தெரியும். பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்த படத்தை நீங்களே வைபரில் அனுப்பியிருந்தீர்கள். சம்மந்தியம்மாவுக்கும் இரண்டு கோடு, மூத்த மகளுக்கும் இரண்டு கோடு என்று அறிந்து என் மனைவி கோசலை சாமிப்படத்துக்கு முன்னால் நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாள். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். நாங்கள் இறைவன் அருளால் ஆளுக்கொரு கோட்டோடு சுகமாக இருக்கிறோம்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் குரல் உயர்த்தக் கூடாது. அதனால்தான் போன் எடுக்காமல் எழுதுகிறேன். கதைத்தால் கத்திவிடுவேன். எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் நீங்கள் படுத்தபடி ஆறுதலாக வாசிக்கலாம். விசயம் இதுதான். நாளைக் காலை என் மகள் தாட்சாயினியின் கழுத்தில் ஏற வேண்டிய தாலி, இன்று மத்தியானம் உங்கள் மச்சான் நகுலேசனின் கழுத்தில் ஏறிவிட்டது. ஏற்றி வைத்தது பிரெஞ்சு அரசாங்கம்.

எனக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடியிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். நான் ரூ லூயி-பிளாங் தெருவில் பயண ரிக்கெற் விற்கிற கடையில் இருக்கிறவன். இந்த இரண்டு வருசமும் நான் விற்றது ரிக்கெற் அல்ல, சட்டம். காலையில் கதவைத் திறக்க முதலே வாசலில் சனம். "அண்ணை, இண்டைக்கு லண்டன் போகலாமோ?" கொம்பியூட்டரைப் பார்த்து ஓம் என்று சொல்லி, ரிக்கெற் அடித்துக் கையில் கொடுத்து, அவர்கள் மெற்றோப் படி இறங்க முதலே யாரோ ஒரு அமைச்சர் ரிவியில் தோன்றி, போகக்கூடாது என்பார். அமைச்சரை ஆர் போய்ப் பிடிப்பது? "காலமை ஓம் எண்டனீங்கள், பின்னேரம் இல்லை எண்டிறியள், என்ன மனுசன் அண்ணை நீங்கள்?" என்று என்னைத்தான் பிடிப்பார்கள், நானே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டத்தை மாற்றியது மாதிரி.

எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் அதே கதிதான் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வைத்த நாளில் நாடே பூட்டு. வீட்டு வாசலுக்குப் போவதற்கே பொலிசுக்குக் காட்டக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டு போன காலம். இரண்டாந்தரம் ஐப்பசியில் வைத்தோம், கலியாணத்துக்கு ஆறு பேர்தான் வரலாம் என்றார்கள். நாதஸ்வரம் இரண்டு பேர், தவில் இரண்டு பேர், ஐயர், ஐயருக்குத் துணையாக இன்னொரு ஐயர். கணக்குச் சரி. பொம்பிளையும் மாப்பிள்ளையும் வெளியில் நிற்க வேண்டியதுதான். மூன்றாந்தரம் ஆனிக் கடைசி முகூர்த்தம். இந்தமுறை உங்கள் அரசாங்கத்தின் வேலை. பிரான்ஸிலிருந்து திரும்புகிற எல்லாரும், ஊசி போட்டிருந்தாலும், வீட்டுக்குள் அடைபட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பார்த்து அறிவித்தது. ஏனென்று பார்த்தால் றெயூனியன் தீவில் ஒரு புதுக் கிருமியாம். அது மடகஸ்காருக்குப் பக்கத்தில் கிடக்கிற தீவு. அதற்கும் லா சப்பலுக்கும் இடையில் ஆபிரிக்காக் கண்டம் முழுவதும் கிடக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவரிடமும் பூமிப்படம் இருக்கவில்லை. உங்கள் பக்கத்து ஆட்கள் அவ்வளவு பேரும் ரிக்கெற்றை ரத்துச் செய்தார்கள். ரத்துச் செய்து கொடுத்தவன் நான். தாட்சாயினி மூன்றாந்தரமாக உடுப்புகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மாஸ்க் கதையைச் சொன்னால் நீங்கள் இருமி இருமிச் சிரிப்பீர்கள், சிரிக்க வேண்டாம், நெஞ்சு நோகும். தொடக்கத்தில், மாஸ்க் தேவையில்லை, போட்டாலும் பிரயோசனம் இல்லை, உங்களுக்குப் போடவும் தெரியாது என்றார்கள். பிறகு போடாவிட்டால் தண்டம் என்றார்கள். கடைக்குள் போடு, தெருவில் வேண்டாம். தெருவிலும் போடு. கழற்று. திரும்பப் போடு. போன புதன்கிழமை தொடக்கம் தெருவில் வேண்டாம், உள்ளே வேண்டும். கடைக் கண்ணாடியில் அறிவித்தலை ஒட்டி உரித்து, ஒட்டி உரித்து, இப்போது வெளியால் பார்க்கிற ஆளுக்கு என் முகம் தெரியாது, பசை மட்டும்தான் தெரியும். இருந்து சாப்பிட்டால் கழற்றலாமாம், எழும்பினால் போட வேண்டுமாம். கிருமிக்குக் கதிரையில் இருக்கிறவர்களில் ஒரு மரியாதை போலக் கிடக்கு. உங்கள் நாடு அதற்கும் மேல். போன மாதக் கடைசி வியாழனோடு மாஸ்க் முடிந்தது என்று சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்துவிட்டது. ஒரே ரயில், ஒரே ஆள், ஒரே மூக்கு. அந்தக் கரையில் திறந்தபடி புறப்படுகிறது, இந்தக் கரையில் மூடியபடி இறங்குகிறது.

இதற்குள் பிரெக்சிற் என்ற மற்றச் சனியன். அந்த வாக்கெடுப்பில் நீங்கள் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று நான் கேட்டதில்லை, சம்மந்தம் கலந்த பிறகு கேட்கவும் கூடாது. ஆனால் நிச்சயார்த்தம் அன்று பாயாசம் குடிக்கும்போது, "இனிக் கண்ட கண்ட வெளியாக்கள் உள்ளுக்கை வரேலாது, தவம்" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. இன்று அந்த வெளியாள் உங்கள் மகன். இன்று ரயிலில் வந்த உங்கள் மகனும் உங்கள் மச்சானும் மற்ற நாட்டார் என்று எழுதிய வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றதாகச் சொன்னார்கள். பக்கத்து வரிசையில் பல்கேரியாக்காரர் கைவீசிக்கொண்டு போனார்களாம். நல்லது, சந்தோசம்.

இனிச் சாமான் விசயம். லண்டனிலிருந்து பால் சாமான், இறைச்சி கொண்டுவரக் கூடாது என்று போன கிழமையே படித்துப் படித்துச் சொன்னேன். ஓமம் வளர்க்க உங்கள் கோயில் மாட்டின் நெய்தான் வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்கள். இங்கே ரூ காய் தெருவில் எந்தக் கடையிலும் நெய் இருக்கிறது, சம்மந்தியார், அதுவும் மாட்டு நெய்தான். அந்த நெய்ப் போத்தலைத்தான் முதலில் எடுத்தார்கள். பிறகு வெற்றிலையை எடுத்தார்கள், மாவிலையை எடுத்தார்கள். வாழைப்பழமும் தேங்காயும் பறவாயில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அந்தச் சட்டம் எழுதின கூட்டத்துக்குள் எங்கள் ஐயர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். கலியாணம் முடிந்து வருகிற நாலாஞ்சடங்குச் சமையலுக்கென்று நீங்கள் கட்டி அனுப்பின அறக்குளாக் கருவாட்டுப் பொதியை மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, அதுவும் போகலாம் என்றார்கள். ஆக, ஓமத்துக்கு நெய் இல்லை, கருவாடு தாராளமாக இருக்கிறது.

இவ்வளவும் நான் பொறுத்துக்கொண்டேன். ஸ்டேசனில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், பட்டுவேட்டியோடு, கையில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். ஒரு ரயில் பெட்டி நிறைய வர இருந்த மாப்பிள்ளை வீட்டாரில் மிஞ்சினது இரண்டு பேர் என்றாலும் வரவேற்பில் குறை வைக்கக் கூடாது என்று நின்றேன். கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே தெரியும். நீல உடுப்புப் போட்ட ஒரு சுங்கக்காரப் பெண் மேசைக்குப் பின்னால் நிற்கிறா. மேசையில் சிவப்புப் பெட்டி. நல்லநாள் பார்த்துப் பொன்னுருக்கி, பத்தரிடம் கொடுத்து நீங்கள் செய்வித்த தாலிக்கொடி அதற்குள் கிடக்கிறது. கதவு மூடிவிட்டது. திரும்பத் திறந்தபோது பெட்டி வெறுமை. நகுலேசன் அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு மணப்பெண்ணின் அடக்கத்தோடு நிற்கிறார். அவ அவருடைய கழுத்துக்குப் பின்னால் இரண்டு கையையும் கொண்டுபோய்த் திருகுகிறா. சம்மந்தியார், நான் கண்ணால் கண்டேன்.

வெளியில் வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன். கேட்டேன் என்பது பிழை, அலறினேன்.

"அண்ணை, அவ நல்ல பொம்பிளை. ஆருக்கும் குடுக்கக் கொண்டு போனால் பதிஞ்சு வரி கட்டவேணும், சொந்த நகையெண்டால் ஒண்டும் தேவையில்லை எண்டவ. நான் சொந்தம் எண்டு சொல்லிப்போட்டன்."

"சொல்லிப்போட்டு?"

"சொந்தமெண்டால் ஏன் பெட்டிக்கை கிடக்கு எண்டு கேட்டா. நீங்கள்தானே அண்ணை போனிலை சொன்னனீங்கள், நகையைப் பெட்டிக்கை வையாமல் போட்டுக்கொண்டு வரச்சொல்லி?"

ஓம், சொன்னனான். பெண்டுகளின் காப்பையும் சங்கிலியையும் சொன்னேன். தாலியை ஒரு ஆம்பிளை, அதுவும் ஐம்பது வயதுவரை கலியாணமே வேண்டாம் என்று நின்ற ஆம்பிளை, போட்டுக்கொண்டு வருவான் என்று எந்தத் தகப்பன் நினைப்பான்?

"எனக்கு மாஸ்க்காலை கண்ணாடி புகைஞ்சுபோச்சு, கொடியைப் பூட்டுற சுரை தெரியேல்லை. நான் உதவி செய்யட்டோ எண்டு அவ கேட்டா. பேர் ஆன்-சோஃபி. பூட்டிப்போட்டு, நல்ல வடிவாயிருக்கு எண்டும் சொன்னவ, அண்ணை."

மாப்பிள்ளை என்ன செய்துகொண்டு நின்றார் என்று நீங்கள் கேட்கலாம். நெய்ப் போத்தலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றாராம். பின்வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்கார மனுசி ஒருத்தி, தாலியைக் கண்ட பழக்கதோசத்தில் கையெடுத்துக் கும்பிட்டாவாம். அந்த நேரம் பார்த்து ஸ்டேசனில் அறிவித்தல் மணியும் அடித்ததாம். மிச்சம் இருந்தது வாழ்த்து ஒன்றுதான். அதிர்ச்சியில், செம்பிலிருந்த பன்னீர் முழுவதையும் நகுலேசனின் தலையில் நானே தெளித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த கூத்து. தாலியைக் கழற்ற ஆள் இல்லை. சுரை பின்பக்கம் இறுகிக் கிடக்கு, அவராலே முடியவில்லை. கோசலையைக் கூப்பிட்டால், "தாலி கழட்டுற வேலையை நான் ஒருநாளும் செய்யமாட்டன், ஆம்பிளையின்ரை கழுத்தெண்டாலும் தாலி தாலிதான்" என்று அறைக்குள் போய்விட்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளையைச் சடங்குக்கு முதல் பொம்பிளை பார்க்கக் கூடாது என்பதால் புறநகர் ஓல்னேயில் சிநேகிதர் வீட்டில் விட்டாச்சு. நான் தொடுவேனோ? இந்த வரியை எழுதும்போதும் உங்கள் மச்சான் எங்கள் சோபாவில் தாலியோடு இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். கொழும்பிலிருந்து போன் எடுத்த என் தங்கைக்கு வீடியோவில் அவரைக் காட்ட வேண்டி வந்தது, அவள் இன்னும் திரும்ப எடுக்கவில்லை.

ஐயருக்குப் போன் எடுத்தேன். அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, ஐயரும் அதே பள்ளிக்கூடம். முதலில் பெரிய தோசம் என்றார். பத்து நிமிசத்தில் தானே எடுத்து, முடிச்சுப் போடவில்லைத்தானே, சுரைதானே பூட்டினது, அப்ப அவ்வளவு தோசம் இல்லை என்றார். பிறகு, பூட்டின ஆள் மாஸ்க் போட்டிருந்தவவோ என்று கேட்டார். போட்டிருந்தவ என்றேன். அப்ப பாலில் கழுவினால் போதும் என்றார். பாலுக்கும் மாஸ்க்குக்கும் என்ன தொடுப்பு என்று கேட்டால், மற்ற ஐயர்மாரோடு கதைத்து ஆறு மணிக்கு முடிவு அறிவிக்கப்படும் என்று வைத்துவிட்டார். ஆறரை ஆகிறது. அறிவித்தல் வரவில்லை.

ஆகவே நான் முடிவெடுத்துவிட்டேன். சம்மந்தியார், கோபிக்க வேண்டாம். இந்தத் தாலி என் பிள்ளையின் கழுத்தில் ஏறாது. நாளைக்குக் கலியாணம் இல்லை. நீங்கள் சுகமாகி எழும்பி, திரும்ப நாள் பார்த்து, திரும்பப் பொன்னுருக்கி, புதுத்தாலி செய்து, இந்தமுறை பதிவு எல்லாம் ஒழுங்காகச் செய்து கொண்டு வாருங்கள். பங்குனியிலோ சித்திரையிலோ பார்ப்போம். முறையென்றால் முறைதான். ஒருவருக்காக விட்டால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரே பிள்ளை. நாளைக்கு அவளுடைய வாழ்க்கையில் ஒரு சின்னக் குறை வந்தாலும், அண்டைக்குத் தாலி பிழைச்சதெல்லோ என்று சனம் சொல்லும். சனம் சொல்லாவிட்டாலும் என்ரை மனம் சொல்லும். படுக்க விடாது. அடுத்த அறையில் மருதோன்றி போட்ட கையை விரித்து வைத்துக்கொண்டு சிநேகிதியோடு கதைத்துச் சிரிக்கிறாள். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுறது என்றும் தெரியவில்லை.

உங்கள் மூவரின் இரண்டாவது கோடும் விரைவில் மறைந்து, மூச்சு முட்டாமல், மணம் குணம் தெரிந்து, நீடூழி வாழ லா சப்பல் மாணிக்க விநாயகர் துணை நிற்க வேண்டும். சம்மந்தியம்மாவுக்குக் கோசலையின் அன்பு. மூத்த மகளுக்கு என் ஆசி.

இங்ஙனம்,
மனமுடைந்த
சி. தவரத்தினம்

பின்குறிப்பு (ஞாயிறு பின்னேரம், ஓல்னே-சூ-புவா கலியாண மண்டபத்துச் சமையற் குசினியில் இருந்து): 

கடிதத்தைப் படம் பிடிக்க மேசையில் விரித்துவிட்டுக் கண்ணாடி எடுக்கப் போனேன். திரும்பி வர தாட்சாயினி குனிந்து நின்று வாசிக்கிறாள். தமிழ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், நேரம் சென்றது. அவ்வளவு நேரமும் நான் சுவரோடு நின்றேன். கோபம் வந்தால் பிரெஞ்சில் பொரிகிறவள், நேற்றுத் தமிழில் சொன்னாள். "அப்பா, மூண்டு தரம் எங்கடை கலியாணத்தை நிப்பாட்டினது அரசாங்கம். அவை சொன்ன காரணங்களை நீங்கள் இதிலை நல்லாய்ப் பகிடி பண்ணியிருக்கிறியள். நாலாந்தரம் நிப்பாட்டுறது நீங்கள். உங்கடை காரணத்தை நான் ஆருக்கு எழுதிப் பகிடி பண்ணுறது?"

அவள் நேரே சோபாவுக்குப் போய், "மாமா, குனியுங்கோ. அது என்ரை" என்று சொல்லி, மருதோன்றிக் கையாலேயே சுரையைத் திருகித் தாலியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். கோசலை ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐயரின் அறிவித்தல் இரவு பத்து மணிக்கு வந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

கலியாணம் இன்று நடந்தது. அதே தாலி. உங்களுக்கு நேரடியாகக் காட்டப் பூட்டி வைத்த போன் முகூர்த்த நேரம் பார்த்து நின்றுவிட்டது என்பதால் மிச்சத்தை நானே சொல்லுகிறேன். வராமல் போனவர்களின் அழைப்பிதழ் ஒரு கட்டு நகுலேசனிடம் மிஞ்சிக் கிடந்ததாம். எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே, கையில் கார்ட் இருந்தால் கண்ட ஆளுக்கெல்லாம் நீட்டுவோம். சுங்க மேசையிலும் ஒன்றை நீட்டியிருக்கிறார். அந்த ஆன்-சோஃபி இன்று பூச்செண்டோடு வந்து நிற்கிறா. கோசலை கூட்டிக்கொண்டுபோய் உங்களுக்கென்று விட்டிருந்த முன்வரிசைக் கதிரையில் இருத்திவிட்டாள்.

முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம் முழங்குகிறது. மருமகன் தாலியை எடுத்துக் கழுத்தில் வைத்தார், சுரை பிடிக்கவில்லை. திரும்ப வைத்தார், நழுவுகிறது. மாஸ்க், கண்ணாடி, ஓமப்புகை, எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நின்று பிடித்துக் கொடுக்க வேண்டிய தமக்கை உங்களோடு லண்டனில் அடைபட்டுக் கிடக்கிறா. ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். தவில்காரர் வியர்த்து வழிய அடிக்கிறார், நல்லநேரம் முடியப்போகிறது. என் பிள்ளை குனிந்த தலை நிமிராமல் இருக்கிறாள்.

வீடியோ வந்ததும் பார்ப்பீர்கள். தாட்சாயினிக்குப் பின்னால் மருமகனின் கையோடு கை வைத்துச் சுரையைத் திருகுகிற வெள்ளைக்காரி ஆர் என்று உங்கள் பக்கத்தில் நாலு பேர் கேட்பார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். அவவை மேடைக்குக் கூப்பிட்டது நகுலேசன் இல்லை, ஐயரும் இல்லை. நான்தான் எழும்பி, மாஸ்க்கை இழுத்துக் கழற்றிவிட்டு, மேளத்துக்கு மேலால் மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"மதாம், ஓடி வாங்கோ! இதைப் பூட்டத் தெரிஞ்ச ஆள் இஞ்சை நீங்கள் ஒராள்தான்!"

தமிழில்தான் கத்தினேன். அவ வந்திட்டா.